வரையாட்டுக் குட்டியும் ரோசம்மா அத்தையின் நாயும்

மிளகைக் கல்லில் தட்டிப் போட்டு, சட்டியில் ஒட்டுகிற பதம் வரைக்கும் வற்றவிட்ட முயல்கறியின் காரம் இத்தனை வருடங்களுக்குப் பிறகும் என் நாக்கின் ஓரத்தில் இருக்கிறது. மழை பெய்யும் மாலைகளில் பக்கத்து வீட்டில் யாராவது மிளகு வறுத்தால் எனக்கு வாயில் நீர் ஊறும், ஊறிய மறுநொடியே அதற்காக வெட்கமாகவும் இருக்கும். நான் சொல்லப்போகும் தப்பு அந்தக் கறிச் சட்டியில்தான் தொடங்கியது.

தேவிகுளத்திலிருந்து பிரிந்து மேலேறும் ஒரு தேயிலைத் தோட்டத்தில், பத்து வீடுகள் ஒரே கூரையின்கீழ் வரிசையாக நிற்கும் ஒரு லயத்தில் நாங்கள் குடியிருந்தோம். அப்பாவுக்கு ஃபேக்டரியில் பச்சை இலையை வாட்டும் மாடியில் வேலை, அம்மா கொழுந்து எடுக்கப் போவாள், நான் ஒரே பிள்ளை. எங்களோடு ஜிம்மி என்றொரு நாய் இருந்தது. செம்பட்டை உடம்பும் கறுத்த மூக்குமாக, ஒல்லியாக, நிற்கும்போதுகூட ஓடுவதற்குத் தயாராக நிற்பதுபோல இருக்கும்.

ஒருநாள் காலை, மழை விட்ட நேரத்தில், ஜிம்மி வாயில் ஒரு முயலைக் கவ்விக்கொண்டு வந்து அடுப்படி வாசலில் போட்டது. அப்பா சிரித்த சிரிப்பு லயம் முழுக்கக் கேட்டது. "ஏட்டி ஜெபா, இங்க வந்து பாரு, நம்ம பய வீட்டுக்குக் கறி கொண்டாந்துட்டான்!" என்று அம்மாவைக் கூப்பிட்டு, நாயின் தலையை இரண்டு கைகளாலும் பிடித்து ஆட்டினார். அம்மா சமைத்தாள், நாங்கள் சாப்பிட்டோம், எலும்பை ஜிம்மிக்குப் போட்டோம். மறுநாள் நான் பள்ளிக்கூடத்தில் அதைக் கதையாகச் சொன்னேன். அதன்பிறகு லயத்தில் எங்கள் நாய்க்கு "வேட்டைக்காரன்" என்று பெயர் விழுந்தது, எனக்கோ "வேட்டைக்காரன் வீட்டுப் பிள்ளை" என்று அழைக்கப்படுவதில் ஒரு மிதப்பு இருந்தது. ஒரு நாய் செய்கிற காரியத்துக்கு வீட்டு மனிதர்கள் காட்டுகிற முகத்தைத்தான் அது பாடமாகப் படித்துக்கொள்கிறது என்பது அப்போது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

மாதத்துக்கு ஒன்றிரண்டு என்று முயலும் காட்டுக்கோழியும் வந்துகொண்டிருந்தன. ஒரு தடவை வந்த காட்டுக்கோழியை அம்மா அறுத்துச் சுத்தம் செய்தபோது உள்ளே ஓடு கட்டாத முட்டைகள் மஞ்சள் மணிகளாகக் கோத்துக் கிடந்தன. அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "முட்டையோட இருந்திருக்கு, பாவம். இனி இந்த வீட்டுல காட்டுக்கறி வேகாது. அவனுக்கு ஒரு சங்கிலி வாங்கியாங்க" என்றாள். அப்பா முணுமுணுத்துக்கொண்டுதான் தேவிகுளம் கடையிலிருந்து சங்கிலி வாங்கிவந்தார். பகலெல்லாம் ஜிம்மியைக் கொல்லைப்புறத்துக் கொய்யா மரத்தில் கட்டிப்போட வேண்டும், யாரும் அவிழ்க்கக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை.

எனக்கு அப்போது பதினொரு வயது. ஜிம்மியின் வேட்டையைப் பற்றி அத்தனை பேரிடம் பெருமை பேசிய நான் அதை ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்ததில்லை என்பது உள்ளுக்குள் குறையாகவே இருந்தது. தை மாதத்து ஒரு சனிக்கிழமை அம்மா கொழுந்துக்குப் போயிருந்தாள், அப்பா லீவு போட்டுவிட்டு முன்னறையில் படுத்திருந்தார். நான் சத்தமில்லாமல் சங்கிலியின் கொக்கியைக் கழற்றினேன். விறகு பொறுக்கப் போகிறவளைப்போல ஒரு கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, ஜிம்மியோடு தேயிலைக்கு மேலே இருந்த புல்மேட்டுக்கு ஏறினேன்.

அந்த மேட்டின் பாறைகளில் வரையாடுகள் மேயும். குளிர்காலம் முடிகிற சமயத்தில் அவை குட்டி போட்டிருக்கும் என்பது லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முயல் ஏதாவது எழும்பும் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் மூடுபனி ஒரு பக்கம் விலகியபோது சரிவில் ஏழெட்டு ஆடுகள் நின்றன. ஜிம்மி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆடுகள் விசில் அடித்ததுபோல ஒரு சத்தம் எழுப்பிவிட்டுப் பாறைக்குத் தாவின. ஒரு குட்டிக்கு மட்டும் தாவ முடியவில்லை. அதன் கால்கள் புல்லில் வழுக்கின.

நான் கத்தினேன். "ஜிம்மி, விடு! விடுடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன், கயிற்றால் அடிக்கவும் அடித்தேன். அது விடவில்லை. வேட்டை என்று நான் மனதில் வைத்திருந்தது ஒரு பாய்ச்சல், ஒரு கவ்வல், அவ்வளவுதான். நான் பார்த்ததோ வேறு. அது சீக்கிரம் முடியவில்லை. குட்டி கத்திக்கொண்டே இருந்தது. தாய் ஆடு பாறைமேல் நின்று காலைத் தட்டியது, இறங்கி வந்தது, மறுபடி ஏறியது. நான் ஓடினேன். சரிவு முடியும்வரை காதைப் பொத்திக்கொண்டு ஓடினேன்.

எனக்குப் பின்னாலேயே ஜிம்மியும் வந்தது, வாலை ஆட்டிக்கொண்டு, பாராட்டை எதிர்பார்த்து. நான் அதைக் குழாயடிக்கு இழுத்துப் போய்த் துணிச் சோப்பைப் போட்டு வாயையும் நெஞ்சையும் கழுவினேன், மறுபடி கொய்யா மரத்தில் கட்டினேன். நிமிர்ந்தபோது அப்பா பின்கதவில் நின்றுகொண்டிருந்தார். நனைந்த நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார்.

சாயங்காலம் கொழுந்து நிறுத்து முடிகிற நேரத்தில் வனத்துறை வாச்சர் தங்கப்பன் ஒரு சாக்கோடு பெரட்டுக்களத்துக்கு வந்தார். காலையில் தோட்டத்து ஆட்கள் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடுகிற அந்தத் திடலின் நடுவில் சாக்கை விரித்தார். அதில் குட்டி கிடந்தது. நாய் ஒன்று ஓடியதைத் தான் எதிர்மலையிலிருந்து பார்த்ததாகவும், பனிமூட்டத்தில் நிறம் தெரியவில்லை என்றும், நாய் யாருடையது என்று தெரிந்தால் போதும் என்றும் சொன்னார். எங்கள் லயத்தில் இரண்டு வீட்டில்தான் நாய் இருந்தது. ஒன்று எங்களுடையது. மற்றது கடைசி வீட்டு ரோசம்மா அத்தையின் வெள்ளையன். ரோசம்மா அத்தை எங்களுக்கு உறவில்லை, புருஷன் இறந்தபின் தனியாக இருந்தவர், அம்மாவோடு ஒரே வரிசையில் கொழுந்தெடுப்பவர். வெள்ளையன் அவர் பின்னாலேயே தேயிலைக் காட்டுக்குப் போய் அவர் பின்னாலேயே திரும்பும்.

வாச்சர் என்னைப் பார்த்து, "ஒங்க நாய் காலைல எங்க நின்னுச்சு, பாப்பா?" என்று கேட்டார்.

"கட்டித்தான் கெடந்துச்சு" என்றேன்.

ரோசம்மா அத்தையிடமும் அதையே கேட்டார். "எங்கூடக் காட்டுலதான் கெடந்துச்சு. ஆனா டீ குடிச்சதுக்கு அப்புறம் நான் கவனிக்கல, பொய் சொல்லக் கூடாது" என்றார் அத்தை. உண்மையைச் சொன்னது அவர் ஒருவர்தான், அந்த உண்மையே அவருக்கு எதிராகத் திரும்பியது. அப்பா கூட்டத்திலிருந்து ஓரடி முன்னால் வந்து, "நான் இன்னைக்கு வீட்டுலதான் இருந்தேன். வெள்ளையன் மேட்டுப்பக்கம் ஏறிப் போனதப் பாத்தேன்" என்றார். அம்மா சட்டென்று திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அப்பா நிலத்தைப் பார்த்தார்.

கட்டி வைத்தால் போதும் என்றுதான் வாச்சர் சொன்னார். ஆனால் தோட்டத்து சூப்பர்வைசர், நாளைக்கு இது கேஸாகித் தன் தலையில் விழும் என்று பயந்து, மறுநாள் காலை போடிக்கு இறங்கும் லாரியில் நாயை ஏற்றிவிடச் சொன்னார். ரோசம்மா அத்தை வெள்ளையனுக்குச் சோறு வைத்து, பழைய சேலைக் கிழிசலைக் கழுத்தில் கட்டி, தானே நடத்திக் கூட்டிவந்தார். லாரிக்கு அருகில் நின்ற அப்பாவிடம், "அண்ணே, நம்ம கோயில்ல முழங்கால் போடுற ஆளு நீங்க. ஒங்க வாயால இன்னொருக்காச் சொல்லுங்க. என் நாய்தானா?" என்று கேட்டார்.

"பாத்ததத்தான் சொன்னேன்" என்றார் அப்பா. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லாரி வளைவில் மறையும்வரை வெள்ளையன் பின்பலகைக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு போனது.

ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் தொடங்கி இரண்டு வாரம் இருக்கும். ஒரு காலையில் அப்பா, "ரெண்டு நிமிசம் ஓடிட்டு வரட்டும்" என்று ஜிம்மியை அவிழ்த்துவிட்டார். அது ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தது, வாயில் ரத்தமும் வரையாட்டுக் குட்டியின் மயிருமாக. இந்த முறை கழுவுவதற்கு யாரும் இல்லை, ஏனென்றால் முதலில் பார்த்தது அம்மா. அவள் கூடையை இறக்கிவைத்தாள், சங்கிலியை மாட்டினாள், என்னையும் கூட்டிக்கொண்டு நாயோடு நேராக வாச்சரின் ஷெட்டுக்கு நடந்தாள். அப்பா பின்னாலிருந்து, "நில்லுட்டி, நான் சொல்றதக் கேளு" என்றார். அவள் நிற்கவில்லை.

"எங்க நாய்தான் செஞ்சிருக்கு. தை மாசத்துல செத்த குட்டியும் எங்க நாயாத்தான் இருக்கும். சங்கிலி அன்னைக்கு எப்படியோ அவுந்துருக்கு" என்றாள் அம்மா. அந்த "எப்படியோ" பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. நான் வாய் திறக்கவில்லை.

வாச்சர் குனிந்து நாயின் வாயைப் பார்த்துவிட்டு, "கடைசி வீட்டு நாயின்னு சொன்னீங்க. லாரில ஏத்தி விட்டாலும் திரும்பி வந்துரும்னு அந்தப் பக்கத்துப் பாதையில முள்ளு வெட்டிப் போட்டு அடைச்சேன். தெனமும் அங்கதான் காவல் நின்னேன். ஒங்க பக்கம் தொறந்து கெடந்திருக்கு. அன்னைக்கே சொல்லியிருந்தா இந்தக் குட்டி உசுரோட இருந்திருக்கும்ல?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

"நாயக் கொண்டு போயிருவீங்களா?" என்று கேட்டாள் அம்மா.

"கொண்டு போயி நான் என்ன செய்ய? அது நாய், ஓடுறதப் பிடிக்கும். கட்டி வச்சுக்கிட வேண்டியது நீங்க. பிடிச்சா வந்து சொல்ல வேண்டியதும் நீங்க. ஒங்களால முடியுமா, முடியாதா, அத மட்டும் சொல்லுங்க."

"முடியும்" என்றாள் அம்மா. மறுநாள் அப்பா வனத்துறை ஆபீஸுக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அன்று மாலை அம்மா தனியாக ரோசம்மா அத்தையின் வீட்டுக்குப் போனாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்குள் வந்தாள்.

அப்பா மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பூசைக்குப் போகாமல் போடிக்கு இறங்கி, சந்தையிலும் பஸ் ஸ்டாண்டிலும் வெள்ளையனைத் தேடினார். மூன்றாவது வாரம் வெறுங்கையோடு ஏறி வந்தவரை ரோசம்மா அத்தை பாதையிலேயே நிறுத்தினார். "இனி தேடாதீங்கண்ணே. கெடச்சாலும் ஒங்க கையால நான் வாங்க மாட்டேன்" என்றார். அவ்வளவுதான். அதன்பிறகு எங்கள் வீட்டுத் துக்கத்துக்கும் வந்தார், திருநாளுக்கும் வந்தார். அப்பாவிடம் மட்டும் அவர் பேசி நான் கேட்டதில்லை.

அவிழ்ந்துவிடும் என்று அம்மா நம்பிய பழைய சங்கிலிக்குப் பதிலாக, அவள் சொன்னபடி அப்பா இன்னும் கனமான ஒன்றை வாங்கினார். ஜிம்மி அதற்குப் பிறகு ஒன்பது வருடம் இருந்தது. காலையும் மாலையும், மழையானாலும், ஷிஃப்ட் முடிந்து கால் தள்ளாடினாலும், அப்பா அதைச் சங்கிலியோடு தார்ரோட்டில் நடத்திக் கூட்டிப்போனார். கனம் தாங்காமல் அதன் கழுத்தைச் சுற்றி மயிர் உதிர்ந்து ஒரு வளையம் விழுந்தது. அம்மா வேப்பெண்ணெய் தடவுவாள். கொக்கியில் ஒரு குறையும் இருந்ததில்லை, அதைக் கழற்றியது நான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கழுத்துக்கு அத்தனை கனம் தேவைப்பட்டிருக்காது. ஒன்பது வருடமும் நான் அந்த வளையத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

இப்போது நான் வண்டிப்பெரியாரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். அம்மா இல்லை, அப்பா என்னோடு இருக்கிறார். போன மாதம் எங்கள் தெருவில் ஒருவர், தன் நாய் கேளையாடு என்கிற சிறு மானைத் துரத்திக் கடித்துக் கொன்றதைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு, கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். "போய் ஃபாரஸ்ட் ஆபீஸுல சொல்லிருங்கண்ணே, நாயக் கட்டுங்க" என்றேன். "நாய் பிடிச்சதுக்கு நான் என்னக்கா பண்ணுவேன்?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் முதல் முயல் வந்த அன்று அப்பா சிரித்த அதே சிரிப்பு.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இதைச் சொல்லும்போதுதான், முன்கூட்டி நினைக்காமலே, "தை மாசத்துல ஜிம்மிய அவுத்துக் கூட்டிட்டுப் போனது நான்தான்ப்பா" என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

அப்பா என்னைப் பார்க்காமல், "தெரியும்ளா" என்றார். "ஒன்னய யாரும் கேட்டுறக் கூடாதுன்னுதான் அன்னைக்கு அப்படிச் சொன்னேன். ரோசம்மாட்ட நீயாவது சொல்லிருக்கலாம்" என்றார்.

சொல்லியிருக்கலாம். வேலை முடிந்து லயத்தைக் காலி செய்துகொண்டு சங்கரன்கோவில் பக்கம் தங்கை வீட்டுக்குப் போன ரோசம்மா அத்தை, நான்கு வருடங்களுக்கு முன்பே அங்கே இறந்துபோனாராம். செய்தி எங்களுக்கு வந்துசேர்ந்ததே அடக்கம் முடிந்த பிறகுதான். போன வாரம் தேவிகுளம் பஸ்ஸில் ஏறி அந்த லயத்துக்குப் போனேன். பத்தில் ஏழு வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, கடைசி வீட்டின் கூரைத் தகரத்தை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புல்மேட்டுக்கு ஏறும் பாதையைக் காட்டுச்செடி மூடிவிட்டது. கூரை இல்லாத அந்த வீட்டு வாசலில் நின்று, கேட்க ஆளில்லாத இடத்தில், நான் செய்ததை வாய்விட்டு ஒருமுறை சொன்னேன். அது மன்னிப்புக் கேட்டதாக ஆகாது என்பது சொல்லும்போதே எனக்குத் தெரிந்திருந்தது.