பவுடர் கோட்டிங் போட்ட எஞ்சின்

பழைய பொம்மை ரயில்களைச் சேர்க்கிறவன் நான். எங்களுக்கு மதிப்பே அந்தப் பழைய பெயிண்ட்டுலதான். கீறல் இருக்கலாம், துரு இருக்கலாம், ஆனா அன்னைக்கு அடிச்ச பெயிண்ட் அப்படியே இருக்கணும்.

போன வாரம் ஓசூர்க்காரர் ஒருத்தர் ஆன்லைன்ல ஒரு தகர எஞ்சின் படம் போட்டிருந்தார். மங்கின பச்சை, பக்கவாட்டுல கையால எழுதின நம்பர், கூடவே அதோட அட்டைப்பெட்டி. போன் பண்ணி, "யாருக்கும் கொடுத்துடாதீங்க"ன்னு சொல்லி வச்சேன்.

இன்னைக்குக் காலையில கிருஷ்ணகிரியில பஸ் ஏறிப் போனேன். மனுஷன் சிரிச்ச முகமா எடுத்து நீட்டினார்.

எஞ்சின் பளபளன்னு கருநீலத்துல இருந்துச்சு.

"சிப்காட்ல பவுடர் கோட்டிங் வேலைதான் சார் நமக்கு. அவ்ளோ தூரம் வர்றீங்க, அந்த அழுக்கோட எப்படிக் கொடுக்கறது? பழசெல்லாம் சுரண்டி எடுத்துட்டு, கோட்டிங் போட்டு, ஓவன்ல வச்சு எடுத்தேன். இனி துருவே பிடிக்காது."

நம்பர் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். வழவழன்னு இருந்துச்சு.

"பெட்டி?"

"கிழிஞ்சு போயிருந்துச்சு சார், தூக்கிப் போட்டுட்டேன். வேற நல்ல பெட்டி வச்சிருக்கேன்."

மிக்சி வந்த பெட்டி.

"கோட்டிங்குக்குத் தனியா எதுவும் வேணாம் சார்"னு வேற சொன்னார். இந்த மனுஷனை எப்படித் திட்டறது? பேசின விலையைக் கொடுத்துட்டு வந்துட்டேன்.

பன்னெண்டு வருஷமா என் அலமாரியை இரும்புக்கடைன்னு சொல்ற வீட்டம்மா, இதை மட்டும் எடுத்து டிவி பக்கத்துல வச்சிருக்காங்க.

"மீதியையும் அவர்கிட்டயே கொடுத்துடுங்களேன்."

அலமாரிக்கு நல்ல பூட்டு எங்க கிடைக்கும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.