எங்கள் எஸ்டேட்டுக்கு வந்த சர்வதேசக் கூச்சல்

வரவேற்புக் கமிட்டி வேலையில் முதலில் வலிப்பது தாடைதான். மூன்று நாள் விடாமல் சிரித்துப் பாருங்கள், தெரியும். கல்யாண வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றவர்கள், ஆண்டு விழாவில் பேட்ஜ் குத்திக்கொண்டு ஓடியவர்கள், சம்மேளனத்துக்கு வந்தவர்களைப் பந்தியில் உட்காரவைத்துவிட்டுத் தாங்கள் பட்டினி கிடந்தவர்கள், எல்லோரும் என் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் சிரிப்பார்கள். நீங்கள்தான் தாடையைத் தடவிக்கொள்வீர்கள்.

பள்ளிவாசலுக்கு மேலே இருக்கிறது எங்கள் தேயிலை எஸ்டேட். துரைசாணி அம்மா, அதாவது மானேஜர் துரையின் மனைவி, சீமைக்குப் போனபோது ஓர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்தார். உள்ளே ஆண்கள் நடுவில் நெட் கட்டி, இரண்டு கட்சியாகப் பந்தாடுவார்கள். கோட்டுக்கு வெளியே பெண்பிள்ளைகள் கையில் குஞ்சத்தோடு வரிசையாக ஆடி, தாளம் போட்டுக் கத்தி, அவர்களுக்கு ரோஷம் ஏற்ற வேண்டும். எந்தக் கோஷ்டி நன்றாகக் கத்துகிறதோ அதற்குக் கோப்பை. பேனரில் இதற்கு ‘சர்வதேச உற்சாக ஆட்டப் போட்டி’ என்று பெயர். கொழுந்து கிள்ளுகிறவர்கள் குடியிருக்கும் எங்கள் லயத்தில் ‘கூச்சல் ஆட்டம்’. சிலோன், மலேசியா, நம்ம பாலக்காட்டுப் பக்கத்து வடகரப்பதி என்று மூன்று கோஷ்டிகள் வருவதாக ஏற்பாடு. வீட்டுக்காரர்களான நாங்கள் போட்டியில் இல்லை. எங்களுக்குப் பணிவிடை மட்டும். ஆனால் அடுத்த வருஷப் போட்டி சிலோனில். அப்போது எங்கள் கோஷ்டி விருந்தாளியாகப் போகும்.

கப்பலுக்கு ஒரு நிபந்தனை

நான் அடுத்தவர் குரலில் பேசிக் காட்டுகிறவள். துரையின் ஜீப் ஏற்றத்தில் கியர் மாற்றுவதிலிருந்து கங்காணி தாத்தாவின் இருமல் வரைக்கும் எல்லாம் என் தொண்டைக்குள் இருக்கிறது. இதற்காக அம்மாவிடம் நான் வாங்காத அடி இல்லை. அப்படிப்பட்ட அம்மா, சிலோன் பேச்சு வந்த அன்றைக்கு அடுப்பைப் பார்த்துக்கொண்டே ஒன்று கேட்டாள். அவளுடைய தங்கச்சி, என் சித்தி, கல்யாணம் முடிந்து அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனவள். அதோடு சரி, அம்மா அவளைப் பார்த்ததே இல்லை. “ஏட்டி பேச்சி, நீ அங்க போனா அவ இப்ப எப்படிப் பேசுதான்னு நல்லாக் கேட்டுக்கிட்டு வந்து எனக்குப் பேசிக் காட்டுதியா?” என்றாள். அன்றைக்கு முடிவு செய்தேன், ராமேஸ்வரத்தில் கப்பல் ஏறாமல் விடுவதில்லை என்று.

யார் போவது என்று முடிவு செய்கிறவர் கிளப் செக்ரட்டரி ராமநாதன் சார். ஃபேக்டரி ஆபீஸில் பெரிய கிளார்க், பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். அவருக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. ஒருநாள் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே குனிந்து நின்று, அவர் குரலில் “காப்பி ஆயாச்சோ?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டேன். பியூன் காப்பியாகக் கொண்டுபோய் வைத்துக்கொண்டே இருந்தார். சாரும் மரியாதைக்குக் குடித்துக்கொண்டே இருந்தார். விஷயம் தெரிந்ததிலிருந்து என்னைக் கண்டாலே காப்பித் தம்ளரைக் கையால் மூடிக்கொள்வார். என்னைக் கமிட்டியில் சேர்த்தபோது விரலை ஆட்டிச் சொன்னார்: “நீ யார் குரல்லே வேணும்னாலும் பேசிக்கோ, ஆனா என் குரல்லே ஒரு வார்த்தை பேசினா, கேட்டியோ, கப்பல்லே நோக்கு எடம் கெடையாது!”

இங்கிலீஷ் வரவேற்பு

வெளிநாட்டு டீம் என்றதும் செக்ரட்டரி சார் மனசில் வெள்ளைக்காரப் பெண்கள் தொப்பி போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்கள். “என் தங்கச்சியே அங்க கொழுந்துதான் கிள்ளுதா சார்” என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். “அவா வேற, டீம் வேற” என்று அவர் முடித்துவிட்டார். எங்களுக்கென்ன? தினமும் கிளப்புக்குப் பின்னால் அவர் இங்கிலீஷ் பிரசங்கத்தை உருப்போடுவதைக் கேட்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டுமே. வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தோம். நான்கூட வாயைத் திறக்கவில்லை. அது எவ்வளவு பெரிய தியாகம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

உத்காடனத்தன்று, அதாவது தொடக்க விழா அன்று, பஸ் வந்து நின்றது. கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிக் குலுங்கி முகம் பச்சையாகிப்போன பெண்கள் இறங்கினார்கள். எல்லோரும் எங்கள் லயத்துப் பெண்கள் மாதிரியே இருந்தார்கள், எண்ணெய் தேய்த்து வாரின சடை உட்பட. சார் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். மலை, மேகம், நட்பு என்று ஒன்றையும் விடவில்லை. சிலோன் கோஷ்டியின் தலைவி செல்வமணி அட்டென்ஷனில் நின்று கடைசி வரை கேட்டாள். முடிந்ததும் கைதட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “ரொம்ப நல்லாப் பேசுனீங்க அண்ணே, இங்க கக்கூஸ் எந்தப் பக்கம்?”

வேகவைத்த கேரட்

பேச்சு தமிழுக்குத் திரும்பிவிட்டாலும் சமையல் திரும்பவில்லை. வெளிநாட்டு வயிறு காரம் தாங்காது என்று சார் கொடுத்த உத்தரவின்படி ரொட்டி, உப்பில்லாத சூப், வேகவைத்த கேரட், வேகவைத்த பீன்ஸ் என்று பந்தி முழுக்கப் பரிமாறியாகிவிட்டது. மாட்டுப்பட்டிப் பண்ணையிலிருந்து வந்த நல்ல பாலைக்கூடச் சர்க்கரை போடாமல் வைத்திருந்தார்கள். வடகரப்பதிப் பெண்கள் கேரட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, ‘சாமிக்கு வைத்ததோ என்னவோ’ என்று பயபக்தியோடு திரும்ப வைத்தார்கள்.

மலேசிய கோஷ்டியோடு வந்த டீச்சர் மட்டும் தைரியசாலி. ஒரு கரண்டி சூப்பை வாயில் வைத்தார். கண்ணில் கவலை வந்துவிட்டது. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, தோளில் கைவைத்து, செக்ரட்டரி சார் காதிலும் விழுகிற மாதிரி, அவர்கள் ஊர் ‘லா’ சேர்த்துக் கேட்டார்: “நாங்க நல்லாத்தான் இருக்கோம் தங்கச்சி, இங்க யாருக்கு லா காய்ச்சல்?”

டீப்பெட்டியின் சட்டை

அன்று சாயங்காலமே லயத்திலிருந்து ரசமும் கருவாட்டுக் குழம்பும் வந்து மானம் காப்பாற்றப்பட்டது. மறுநாள் வேறு சோதனை. மலேசியப் பெண்கள் சிவப்பும் ஊதாவுமாகக் காகிதக் குஞ்சம் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் எங்கள் ஊர் மஞ்சைப் பற்றி, எல்லாவற்றையும் நனைத்துவிடுகிற பனிமூட்டத்தைப் பற்றி, அந்தக் காகிதத்துக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு ஆட்டம் முடிவதற்குள் குஞ்சம் கூழாகி, சாயம் வெள்ளைச் சட்டையெல்லாம் வழிந்து, கூச்சல் போட வந்தவர்கள் ஹோலி கொண்டாடிய மாதிரி நின்றார்கள். இரண்டு பெண்கள் அழவே ஆரம்பித்துவிட்டார்கள்.

விருந்தாளி அழுதால் வீட்டுக்காரன் என்ன செய்வான்? நாங்கள் ஃபேக்டரிக்கு ஓடினோம். தேயிலையில் ஈரம் ஏறாமலிருக்கப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாள் அங்கே அடுக்கடுக்காக இருந்தது. கிழித்தோம், கட்டினோம், மூன்று கோஷ்டிக்கும் பாரபட்சமில்லாமல் கொடுத்தோம். அந்த நேரம் பார்த்து மஞ்சு விலகி வெயில் அடித்தது. தாள் மின்னின மின்னலில் பந்தாடுகிறவர்களுக்குக் கண் கூசி, பந்து அவர்கள் மண்டையில் விழுந்த பிறகுதான் பந்து வந்ததே தெரிந்தது. ஃபேக்டரியில் தேயிலைப் பக்குவம் பார்க்கிற டீமேக்கர் மாமா கிழிந்த தாள்களையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் கேட்டது இவ்வளவுதான்: “அடுத்த லோடு தேயிலைய உங்க பாவாடையில முடிஞ்சு அனுப்பட்டுமா?”

மரியாதைக் கூச்சல்

வடகரப்பதிக் கோஷ்டி எல்லாம் நிலம் வைத்திருக்கிற குடியானவர் வீட்டுப் பெண்கள். தலைவி சரசு. அவர்கள் கத்துவதைக் கேட்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது. ஒரு தடவை கேட்டதுமே தொண்டைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டேன். மற்ற கோஷ்டிகள் “அடி! உடை! நொறுக்கு!” என்று கத்தும்போது இவர்கள், “அடிங்கண்ணா, அடிங்க! கொஞ்சம் ஓங்கி அடிங்க!” என்று ஆடினார்கள். அதுகூடப் பரவாயில்லை. எதிர்க் கட்சிக்காரன் பந்தைக் கோட்டைவிட்டால், அவன் பக்கம் திரும்பிக் குஞ்சத்தை ஆட்டி, “அதனாலென்னங்க, அடுத்ததைப் புடிச்சுக்கலாமுங்க!” என்று அதையும் தாளத்தோடு பாடினார்கள். எதிர்க் கட்சி உருகிப்போய் அடுத்தடுத்து ஜெயிக்க ஆரம்பித்துவிட்டது.

செக்ரட்டரி சார் தலையில் கைவைத்துக்கொண்டு ஓடிவந்தார். எதிராளியைத் தேற்றக் கூடாது, அது இந்த ஆட்டத்தின் விதி என்று மஞ்சில் நின்று தொண்டை கிழிய விளக்கினார். அவர் குரல் அப்போதே கொஞ்சம் கரகரத்தது. சரசு பொறுமையாகக் கேட்டுக்கொண்டு பதில் சொன்னாள்: “ஏனுங்க, தோத்து நிக்கிறவீங்களக் கண்டும் காணாம உட்டுட்டு ஊட்டுக்குப் போனா, எங்கம்மா எங்களை உள்ளாற சேப்பாங்களாங்க?”

சரசுவின் துள்ளல்

வடகரப்பதியில் மண் காய்ந்து கிடக்கும். அட்டை என்றால் அவர்களுக்குப் புத்தக அட்டைதான் தெரியும். எங்கள் புல்லில் இருக்கிற அட்டை வேறு. கடைசி ஆட்டத்தில், எல்லோரும் குனிந்து நிமிர்கிற அடவில், ஒன்று சரசுவின் முழங்காலுக்குப் பின்னால் ஏறிவிட்டது. சரசு எழும்பினாள் பாருங்கள்! இரண்டு கையிலும் ஈயத்தாள் மின்ன, நெட்டுக்கு மேலே தலை தெரிகிற உயரம். இறங்கினாள், மறுபடியும் எழும்பினாள். அவள் பின்னால் நின்றவர்கள் அதுதான் புது அடவு என்று நினைத்து, அவர்களும் எழும்பினார்கள். மைதானமே எழுந்து நின்று கத்தியது. ஆட்டம் முடியும் வரை சிரித்த முகம் மாறாமல் நின்றுவிட்டு, ஓரமாக வந்த பிறகுதான் சரசு என்னிடம் காலைக் காட்டி, “இதென்னங்க, உங்கூருப் பூச்சி இப்படிப் பாசமாப் புடிச்சுட்டு உட மாட்டீங்குது?” என்று கேட்டாள். நான் உப்பு எடுக்க ஓடினேன்.

நடுவராக உட்கார்ந்திருந்தவர் மாட்டுப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த மாட்டு டாக்டர். கோப்பை யாருக்கு என்று செக்ரட்டரி சார் பவ்யமாகக் கேட்டபோது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே தீர்ப்பு சொன்னார்: “பால் குடிச்ச கன்னுக்குட்டிகூட இப்படித் துள்ளி நான் பார்த்ததில்லை, வடகரப்பதிக்கே கொடுத்துடுங்க!”

பேனருக்குப் பின்னால்

பரிசளிப்பு விழா. துரையும் துரைசாணி அம்மாவும் முன்வரிசையில். செக்ரட்டரி சார் மேடை ஏறினார், வாயைத் திறந்தார், காற்று வந்தது. மூன்று நாள் மஞ்சில் கத்தியதில் குரல் முழுசாகப் போய்விட்டது. சுக்கு, மிளகு, வெந்நீர், ஒன்றும் பலிக்கவில்லை. மேடை ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் மெதுவாகப் பேனருக்குப் பின்னால் கையைக் காட்டினார். “சார், உங்க குரல்ல ஒரு வார்த்தை பேசினாலும் கப்பல் கிடையாதுன்னீங்களே?” என்றேன். இரண்டு கையையும் கூப்பிவிட்டார். மைக்செட்காரர் இன்னொரு மைக்கைப் பின்னால் கொடுத்தார். சார் முன்னால் நின்று உதட்டை ஆட்ட, நான் ஆரம்பித்தேன்: “வந்திருக்கற அதிதிகளே, கேட்டேளா, நேக்குப் பரம சந்தோஷம் ஆக்கும்...” கூட்டத்தில் அம்மா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். பெற்றவளை ஏமாற்ற முடியுமா?

கோப்பையை ஒழுங்காக வடகரப்பதிக்குத்தான் கொடுத்தேன். அதில் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை. நன்றி எல்லாம் சொல்லி முடித்தாயிற்று. மைக் இன்னும் கையில். அன்றைக்கு அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டது காதில் ஒலித்தது. அவ்வளவுதான், சாரின் குரலிலேயே சொல்லிவிட்டேன்: “கடைசியா ஒண்ணு, கேட்டேளா. அடுத்த வருஷம் சிலோன் போற நம்ம கோஷ்டிக்குத் தலைவி பேச்சி!” பேனரின் கிழிசல் வழியாகப் பார்த்தேன். சாரின் உதடு ஆடிக்கொண்டே இருந்தது, கண் மட்டும் நின்றுவிட்டது. துரை கைதட்டினார். செல்வமணி விசில் அடித்தாள். மூன்று கோஷ்டியும் ஈயத்தாளை ஆட்டிக் கத்திய கத்தலில், மறுத்துச் சொல்ல அவருக்குக் குரல் இருந்திருந்தாலும் கேட்டிருக்காது.

குரல் திரும்பிய அன்றைக்கு ஆபீஸுக்குக் கூப்பிட்டார். கதவோரமாகப் போய் நின்றேன். அவர் மேஜையில் காப்பி இருந்தது. அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை உற்றுப் பார்த்துவிட்டுக் குடித்தார். பிறகு சொன்னார்: “சபையிலே சொன்னதை நானே மாத்தினா நன்னாயிருக்காது, போயிட்டு வா, ஆனா கேப்டன் குரல்லே ஏதாவது சொல்லிக் கப்பலைத் திருப்பிடாதே, கேட்டியோ!”

ஆக, மூன்று நாள் சிரித்ததில் எனக்குத் தாடை வலியும் ஒரு கப்பல் பயணமும் மிச்சம், அம்மாவுக்குத் தங்கச்சி குரல் வரப்போகிறது, செக்ரட்டரி சாருக்கு மட்டும் அவர் தொண்டை அவருக்கே திரும்பக் கிடைத்திருக்கிறது.