சேவியர் வரைந்த அரை முகம்

சேவியர் போய்விட்டான். ஹார்ட் அட்டாக்.

காலையில் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது நான் செய்துகொண்டிருந்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் டிபியை நானே பெரிதாக்கி ரசித்துக்கொண்டிருந்தேன்...

அவன் வரைந்த படம். நாலு வருடமாக மாற்றவில்லை. "உங்க ஜாடையே இல்ல" என்பாள் வீட்டம்மா. பொறாமை.

பெங்களூர் பொம்மசந்திராவில் இருவருக்கும் ஒரே கம்பெனி. நான் ஸ்டோர்ஸ், அவன் பெயிண்ட் ஷாப். ஆறு நாள் மெஷின் கவருக்கு ஸ்பிரே, ஞாயிற்றுக்கிழமை ஆயில் பெயிண்டிங். நானூறு வருடத்துக்கு முந்தைய டச்சுக்கார ஓவியர் ஒருவர்மேல் பைத்தியம். பாதி முகத்தில் பொன்வெயில், மீதி கும்மிருட்டு... அந்த ஸ்டைல்.

ஓவியக் கண்காட்சிக்கு இரண்டு முறை அனுப்பினான். இரண்டும் திரும்பி வந்தன. கேன்டீனில் ஒரே கேலி.

"ஒரே ஒரு தடவ அந்தச் சுவத்துல மாட்டிட்டாப் போதும் குரு" என்றான். பெங்களூரில் சிநேகிதர்கள் எல்லாருமே ஒருவருக்கொருவர் குருதான்.

மூன்றாவது முயற்சிக்கு மாடல், அடியேன்.

ஜீவனஹள்ளியில் அவன் வீட்டு ஜன்னல், ஒரு சாண் மட்டும் திறந்து. என் தோளில் அவன் மனைவி ஸ்டெல்லாவின் மெரூன் சால்வை.

"தொப்பைய உள்ள இழு குரு."

"மூஞ்சிதானேய்யா வரையற?"

"நீ மூச்சு விட்டா நெழலு ஆடுது."

இரண்டு ஞாயிறு உட்கார்ந்தேன். மூன்றாவது ஞாயிறு கிரிக்கெட் மேட்ச்... மட்டம்.

இருட்டுப் பாதியை அவன் பெயிண்ட் ஷாப் முறைப்படி முடித்தான். வெளிச்சப் பாதியின் மேல் நியூஸ்பேப்பர், ஓரத்தில் மாஸ்கிங் டேப், மீதிக்கு ஸ்பிரே கன்னால் கறுப்பு.

படம் தேர்வாகிவிட்டது!

கேலி செய்த அதே கேன்டீன் கும்பல் வேன் பிடித்துக்கொண்டு போனது. பெரிய ஆர்ட்டிஸ்ட் ஒருவர் படத்தின் முன்னால் கைகட்டி நின்றார். வெகுநேரம்.

"இந்தக் கறுப்புக்கு எத்தனை லேயர்? எத்தனை மாசம் காய வச்சீங்க?"

"ரெண்டு கோட்டு சார். கம்பெனி ஓவன்ல இருவது நிமிஷம்."

நாங்கள் அடித்த விசிலில் செக்யூரிட்டி ஓடிவந்து எல்லாரையும் வெளியே அனுப்பினார். சேவியரைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் வெளியேறினோம். ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான், பயல்.

இன்று அவன் பெட்டிக்கு மேலே, சுவரில் அந்தப் படம். வந்தவர்களிடமெல்லாம் "அது நான்தான்" என்று மெதுவாகச் சொல்லிவைத்தேன்.

போய் வா குரு. நேராகத்தான் மாட்டியிருக்கிறார்கள்.

கிளம்பும்போது ஸ்டெல்லா வாசல்வரை வந்தாள். "அண்ணா, அது அவருண்ணா. மூணாவது வாரம் நீங்க வரலல்ல... எல்லாத்தையும் சொரண்டிட்டு, கண்ணாடியப் பாத்துத் தன் மூஞ்சியவே போட்டுட்டாரு. மூக்கு மட்டும் உங்களுது."