ஹாஜியார்ட ஆடும் என்ட ரெண்டு போத்தலும்

மச்சான்மாரே, முதல்ல எல்லாரும் கைய மேசையிலருந்து எடுங்க, ரேகை படுது. சிரிக்காதீங்க. உங்கள்ல அரைவாசிப் பேர் பாதியில விட்ட கோர்ஸ்ட டீசேர்ட்டப் போட்டு நித்திர கொள்ளுற ஆக்கள்தான், எனக்குத் தெரியும். நான் விட்டது தடயவியல் ரசாயனம். குற்றம் நடந்த இடத்துல கிடக்கிற கறை, முடி, சாம்பல் எல்லாத்தையும் பரிசோதிச்சு, நடந்தது இன்னது எண்டு செல்லுற தொழில். ஊரே மிதிச்சு, கூட்டி, கழுவி முடிச்ச புறகு கூப்பிட்டு, "ஏன் ஒண்டும் கிடைக்கல்ல?" எண்டு கேக்கிற ஒரே தொழிலும் இதுதான். இதால எனக்கு நடந்த அநியாயத்தக் கேளுங்க.

ஃபொரின்

ஏ.எல். சோதினை ரிசல்ட் கெம்பஸுக்குக் காணாது. கல்முனையில ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில நடந்த டிப்ளோமாவுல சேர்ந்தன். உம்மா அயலெல்லாம் போய், "மகன் ஃபொரன்சிக் படிக்கான்" எண்டு செல்லிட்டா. அயலுக்குக் கேட்டது "ஃபொரின்" மட்டும்தான். நான் கட்டார் போறன் எண்டு முடிவே கட்டிட்டாங்க. பின்வீட்டு ராத்தா பெரிய சூட்கேஸ் ஒண்ட இரவலாக் கொண்டு வந்து வெச்சுட்டா.

நானும் மினக்கெட்டு விளங்கப்படுத்தினன். "இல்ல ராத்தா, ஒராள் மவுத்தானா, நஞ்சாலயா, அடியாலயா எண்டு பார்க்கிற படிப்பு இது." அவட முகம் சுருங்கிப் போச்சு. சூட்கேஸத் தூக்கிக்கிட்டு வாசல் கடப்படி வரைக்கும் போனவ, திரும்பி நிண்டு கேக்கா:

"மவுத்தானவங்கட மையித்தக் கழுவ பள்ளி லெப்பை சும்மாவே பழக்குவாரே மனே, இதுக்கேன் கல்முனைக்குப் போற?"

பொம்மைக் கொலை

ஆய்வுகூடம் எண்டு செல்லுவாங்க, நம்பிராதீங்க. ஒரு மேசை, மங்கின மைக்ரஸ்கோப் ஒண்டு, தண்ணி வராத பைப் ஒண்டு. குற்றம் நடந்த இடம் செஞ்சு காட்ட, கீழ்க் கடையில நிண்ட பொம்மைய இரவல் வாங்கி, நிலத்துல கிடத்தி, தக்காளி சோஸ் ஊத்தினாங்க. நாங்க கையுறை போட்டு முடிக்கமுந்தியே எறும்பு வந்து சாட்சியமெல்லாத்தையும் தின்னத் தொடங்கிட்டு. இதுக்கா வாப்பா என்னய அனுப்பினார்? 

எறும்ப ஊதி ஊதிக் கறைய அளந்துக்கிட்டு இரிக்கக்குள்ள, கடை முதலாளி படியில ஏறி வந்து தலைய நீட்டினார்:

"கொலை முடிஞ்சா பொம்மையத் தாங்க தம்பிமாரே, அதுக்கு அபாயா போட்டு வெளிய நிப்பாட்டோணும்."

ஆனா

ரசாயனம் படிப்பிச்ச மிஸ் மட்டக்களப்பிலருந்து சனிக்கிழமையில வருவா. நல்லாப் படிப்பிப்பா, அந்த இடத்துல இருந்த ஒரே நல்ல சாமான் அவதான். ஒரு நாள் எங்களுக்கெல்லாம் ஒரு சின்னப் பெட்டி தந்தா. உள்ளுக்கு ரெண்டு போத்தல். "கறைய ஈரப் பஞ்சால ஒத்தி எடுக்கோணும். முதல் போத்தல்ல ஒரு சொட்டு, பிறகு ரெண்டாவதுல ஒரு சொட்டு. ரோஸ் நிறம் வந்தா ரத்தமா இருக்கலாம். ஆனா..."

அவ "ஆனா" எண்டதோட என்ட வாய் சும்மா நிக்கல்ல. "மிஸ், ரோஸ் நிறமெல்லாம் ரத்தம் எண்டா, பெருநாளைக்கு எங்கட வீட்டு ஃபலூடாவும் கொலைக் கேஸ்தான்." வகுப்பே விழுந்து விழுந்து சிரிச்சுது. மிஸ் சிரிக்கல்ல. வாசலக் காட்டினா. ஒரு பகிடிக்கு வெளிய போடுறதா? வந்த ரோசத்துல பெட்டியையும் தூக்கிக்கிட்டு படியிறங்கினவன், திரும்பிப் போகவேயில்ல. மிஸ் கடைசியாச் செல்லி அனுப்பினது இதுதான்:

"வெளிய நிண்டு சிரிச்சு முடியுங்க தம்பி, மிச்சத்த இஞ்ச இருக்கிறவங்களுக்குப் படிப்பிக்கிறன்."

கறிச்சட்டி

கோர்ஸ விட்டத ஊருக்குச் செல்லல்ல. அதுக்குள்ள எனக்கு "சி.ஐ.டி." எண்டு பட்டமும் வெச்சுட்டாங்க. ஒரு பகல் எங்கட மாமி கறிச்சட்டியச் சீலையால மூடிக்கிட்டு வந்தா. மருமகள் ஆக்கின கறியாம். மகன மயக்க அதுக்குள்ள மருந்து போட்டிருக்காளாம், கண்டுபிடிச்சுக் குடுக்கட்டாம். நான் ஒரு துண்டு இறைச்சி தின்னு பார்த்தன். ரெண்டாவதும் தின்னன். "மருந்துமில்ல, மண்ணுமில்ல மாமி, கைப்பக்குவம்" எண்டன். அதுக்கும் ஏச்சு எனக்குத்தான்:

"மருந்து இல்லாட்டிக் கிடக்கட்டும், உப்புக் கூடிப்போச்சு எண்டாவது எழுதித் தாடா!"

ஆட்டுக் கேஸ்

ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் குர்பானா அறுத்துக் குடுக்க எங்கட ஒழுங்கை ஹாஜியார் ஒரு கிடாய் வளர்த்தார். அந்தக் கிடாய்க்கு ஒழுங்கையில இருந்த மரியாதை எனக்கில்ல. பெருநாள் கிட்டக்குள்ள ஒரு காலையில பார்த்தா, கட்டின கட்டை நிக்குது, கிடாயக் காணல்ல. ஹாஜியார்ட மதிலுக்கு அங்கால சலீம் காக்காட வளவு. அவர் ரொட்டிக் கடை வெச்சிரிக்கார். பொஞ்சாதி புள்ளைகள் அம்புட்டுப் பேரும் அந்த ரொட்டிக் கல்லுச் சூட்டுலதான் சீவிக்குதுகள். மதில்ட அவர் பக்கத்துல, செங்கறுப்பாக் கறை வடிஞ்சு காஞ்சிரிக்கி. ஹாஜியார் எட்டிப் பார்த்தார். "சி.ஐ.டி.யக் கூப்பிடுங்க" எண்டார்.

பெட்டியோட போனன். சனம் மதில் நிறைய. சலீம் காக்கா கையில மாவோட வந்து, "நல்லாப் பாரு தம்பி. நீ படிச்ச புள்ள, எனக்கென்ன பயம்?" எண்டார். பஞ்ச நனைச்சு ஒத்தினன். முதல் போத்தல்ல ஒரு சொட்டு விட்டன். பளீரெண்டு ரோஸ்! உடனே ஒரு குரல் "ரத்தம்!" எண்டு கத்திச்சு. அவ்வளவுதான். சனமெல்லாம் "ரத்தம் ரத்தம்" எண்டு ஒரே கூச்சல். ஹாஜியார் சலீம் காக்காட மூஞ்சிக்கு நேர விரல நீட்டினார்:

"அல்லாட பேரால வளர்த்த கிடாய அறுத்து ரொட்டிக்குள்ள சுத்திட்டியேடா!"

விஞ்ஞானம் செல்லிட்டாம்

அண்டைக்கு அசர் தொழுகைக்குப் புறகு ரொட்டிக் கடையில ஒரு காகம்கூட இல்ல. தினமும் அங்க குந்தியிருந்து நாட்டு நடப்புக் கதைக்கிற அதே ஆக்கள், கடையக் கண்டா ரோட்டுக்கு மற்றப் பக்கத்தால போறாங்க. கேட்டா, "விஞ்ஞானமே செல்லிட்டே" எண்டுறாங்க. விஞ்ஞானமாம்! முதல் நாள் வரைக்கும் என்னய உருப்படாதவன் எண்ட வாய்கள். ஒராளாவது, "ரத்தம் எண்டா எலும்பெங்க, தோலெங்க, தலையெங்க?" எண்டு கேட்டானா? கேக்க மாட்டான். பெருநாள் வியாபாரத்துக்கு எண்டு பிசைஞ்ச மா புளிச்சுப் போய், சலீம் காக்கா அத அள்ளிக் கோழிக்குப் போட்டார். அவர்ட மகள் பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டு அழுதாளாம்.

மனசு கேக்காம நான் மட்டும் போய்க் கதிரையில இருந்தன். ஏசுவார் எண்டு பார்த்தன். ஏசல்ல. இறைச்சி ரொட்டி ஒண்ட என்ட முன்னுக்கு வெச்சார்:

"தின்னு தம்பி, பயப்புடாத, அது மாடு."

ஆடு ஓட்டோவுல வந்தது

பெருநாளைக்கு முந்தின நாள் ஒரு ஓட்டோ வந்து நிண்டுச்சு. சாய்ந்தமருதுக்குக் கட்டிக் குடுத்த ஹாஜியார்ட மகள் இறங்கினா. பின் சீட்டுல, மாப்பிள்ள மாதிரி, கிடாய்! காயப்போட்ட அபாயாவக் கடிச்சுப் போட்டுது எண்டு ஹாஜியார்ட பொஞ்சாதிதான் அத மகள்ட வீட்ட அனுப்பியிருக்கா. அனுப்பினதப் புருசனுக்கும் செல்லியிருக்கா. அண்டைக்கே பொஞ்சாதி தன்ட தாயைப் பார்க்க அக்கரைப்பற்றுக்குப் போனவ. ஊர் பத்தி எரிஞ்சது ஒண்டும் தெரியாது. இப்ப அவவும் திரும்பி வந்து, சனத்துக்கு முன்னுக்கே புருசனப் புடிச்சா:

"ஆட்ட அனுப்புறன் எண்டன், போனை நோண்டிக்கிட்டு ஓம் ஓம் எண்டீங்க. உங்கட காது என்னத்துக்கு, கண்ணாடி கொழுவவா?"

பச்சக்

ஹாஜியார் மடிக்குள்ள கைய விட்டார். வெக்கத்துல ஒரு வாய் வெத்திலையச் சுருட்டிப் போட்டார். மென்றார். பழக்கதோசம், மதில் பக்கம் திரும்பினார். பச்சக்! மதில் உச்சியில பட்டு, அங்கால பக்கம் நான் பஞ்சால ஒத்தின அதே இடத்துல வடிஞ்சுது. எல்லாரும் பார்த்தாங்க. 

நான் ஓடிப்போய் மிஸ்ஸுக்குப் போன் எடுத்தன். மரியாதையாத்தான் விளங்கப்படுத்தினா. ரெண்டாவது போத்தல் விட்ட புறகு நிறம் வரோணுமாம். முதல் சொட்டுலயே வந்தா, அது ரத்தத்துக்குச் சாட்சியில்ல, பஞ்ச எறியோணுமாம். எங்களுக்குத் தந்தது பழகிறதுக்கான மருந்தாம், சுண்ணாம்பு பட்டாலே ரோஸ் ஆகுமாம். வெத்திலைக்குள்ள வேற என்ன இரிக்கி? "இத ஏன் மிஸ் அண்டைக்குச் செல்லல்ல?" எண்டு எகிறினன்.  அவ செல்லுறா:

"சொன்னனான் தம்பி, 'ஆனா'வுக்குப் பிறகு சொன்னனான்."

பெருநாள் இறைச்சி

ஹாஜியார் மன்னிப்புக் கேட்டாரா? அந்தச் சொல் அவர்ட வாயில வெத்திலைக்குள்ள சிக்கிட்டு. பெருநாளண்டு ஒரு பேக் இறைச்சிய மட்டும் மதிலால நீட்டினார். ஊர் ஆக்களும் ஒண்டுமே நடக்காத மாதிரி கடைக்கு வாறாங்க, ஆனா ரொட்டியப் பிச்சு உள்ளுக்குப் பார்த்துட்டுத்தான் வாயில வெக்கிறாங்க. இந்த அநியாயத்த எந்தப் போத்தலால சோதிக்க? சலீம் காக்கா அந்த இறைச்சிப் பேக்கத் தொடல்ல. எல்லாருக்கும் கேக்கச் செல்லுறார்:

"அத சி.ஐ.டி.ட்டக் குடுங்க ஹாஜியார், என்ன மிருகம் எண்டு பார்த்துச் செல்லட்டும்."

மச்சான்மாரே, ஹாஜியார ஏசிட்டன், கோர்ஸ ஏசிட்டன், ஊரையும் ஏசிட்டன், மிச்சமிருக்கிறது ஒராள்தான்: அண்டைக்கு மதிலடியில முதல்ல "ரத்தம்!" எண்டு கத்தின வாய் என்ட வாய், அந்த ரெண்டாவது போத்தல்ட மூடிய நான் இன்னும் திறக்கல்ல.