மாப்பிள்ளை முடிக்கு ஒரு டாக்டர் சீட்டு

என் பேத்திக்கு எப்படி டாக்டர் சீட்டு கிடைத்தது என்று தெரிந்துகொண்டு உங்களுக்கு என்ன ஆகப்போகிறது? உங்கள் வீட்டுப் பிள்ளை என்ன மார்க் என்று நான் வந்து கேட்டேனா? அடுப்பில் எதையாவது வைத்துவிட்டுத்தான் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். முதலில் போய் அணைத்துவிட்டு வாருங்கள். வந்தாயிற்றா? சரி, சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுவது அவள்தான். தப்பு இருந்தால் அவள் மார்க்கை நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மார்க்கில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும். பத்தாவதில் கணக்கில் தொங்கிக்கொண்டு பாஸ் செய்தாள். பன்னிரண்டாவதில் பிசிக்ஸ் டீச்சர் என் மகளைக் கூப்பிட்டு, "பிள்ளைக்கு வேற ஏதாவது நல்லா வருமாம்மா?" என்று கேட்டாராம்.

வரும். கட்டி, புண், முள் என்றால் அவளுக்கு அல்வா. தெருவில் யார் காலில் முள் குத்தினாலும் ஊசியோடு போய் நிற்பாள். ஒருநாள் எதிர்வீட்டு மாமியை வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்து, "உள்நாக்கு கொஞ்சம் கோணலா இருக்கு மாமி" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்குப் பொழுது சாய்கிறவரை மாமி வாயையே திறக்கவில்லை. தெருவே என் பேத்தியை வாழ்த்தியது.

அவள் அப்பா, அதாவது என் மாப்பிள்ளை, சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிறவர். தங்கமான மனுஷன். தலைமுடிதான் அவருக்கு எல்லாம். கருகருவென்று அலையாக இருக்கும். நெற்றியில் ஒரு சுருள் வந்து விழும். அதற்குத் தோதாக ஒரு மீசை. அந்தச் சுருளைப் பார்த்துத்தான் பெண்கள் இன்னொரு புடவையும் சேர்த்து எடுக்கிறார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. சட்டைப் பையில் பேனா இருக்காது, சீப்பு இருக்கும்.

பேத்தி முதல் தடவை நீட் பரீட்சை எழுதினாள். வந்த மார்க்கை மாப்பிள்ளை செல்போனில் பார்த்தார். போனைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

"எப்படிப் பார்த்தாலும் கொறச்சலாத்தான் இருக்கு அத்தை. பேசாம பி.எஸ்சி. சேத்துடலாம்."

"இன்னொரு தடவை எழுதறேன்ப்பா," என்றாள் அவள். "கவர்மென்ட் ஸ்கூல் பிள்ளைங்களுக்குத் டாக்டர் சீட்டுல தனியா ஏழரை சதவீதம் இருக்கு. இன்னும் கொஞ்சம் மார்க் ஏறினா போதும்."

ஏழரை என்றால் எனக்குச் சனிதான் தெரியும். நல்லது செய்கிற ஏழரையை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

"உனக்கெல்லாம் கிடைக்காதும்மா" என்று மாப்பிள்ளை அலுத்துக்கொண்டார். அவள் விடவில்லை. ஒரு வருஷம் உட்கார்ந்து படித்தாள். தவளையின் குடலை என்னிடம்தான் ஒப்பிப்பாள். நான் தலையாட்டுவேன். சரியா தப்பா என்று எனக்குத் தெரியாதாகையால் அவளுக்கு என்னிடம் ஒப்பிக்கத்தான் பிடித்தது.

இரண்டாம் தடவை பரீட்சைக்கு நானும் கூடப் போனேன். தோடு, வளையல், ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லித்தான் உள்ளே விட்டார்கள். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பெற்றவர்கள் கூட்டம். மே மாத வெயிலில் வேறென்ன பேச இருக்கிறது? பேச்சு வேண்டுதலில் வந்து நின்றது. உப்பிலியபுரத்திலிருந்து வந்திருந்த ஒருத்தி தீச்சட்டி எடுப்பதாகச் சொன்னாள். இன்னொருத்தி அங்கப்பிரதட்சணம் என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கோ முட்டி மடங்காது. எங்கள் குடும்பத்தில் அம்மனுக்குக் கொடுக்கிற மாதிரி உசத்தியாக என்ன இருக்கிறது என்று யோசித்தேன். இளநீர் வாங்கப் போன மாப்பிள்ளை கொஞ்ச தூரத்தில் யாருடைய பைக் கண்ணாடியிலோ குனிந்து சுருளைச் சரிசெய்துகொண்டிருந்தார். கையெடுத்துக் கும்பிட்டுச் சத்தமாகவே சொன்னேன்.

"சமயபுரத்து ஆத்தா! பேத்திக்கு சீட்டு வாங்கிக் குடு. எங்க மாப்பிள்ளை முடியை உனக்கு எறக்கிடறேன்."

அம்மன் பேரைச் சொல்லி நேர்ந்துவிட்டால் நேர்ந்ததுதான். அதைத் திரும்ப வாங்குகிற துணிச்சல் எங்கள் பக்கம் யாருக்கும் கிடையாது. மாப்பிள்ளை இளநீரோடு திரும்பி வந்ததும் உப்பிலியபுரத்துக்காரி முந்திக்கொண்டாள்.

"அண்ணே, உங்க முடி ஆத்தாளுக்குப் போயிடுச்சு."

அவர் கை தானாகத் தலைக்குப் போனது. "யாரைக் கேட்டு அத்தை?"

"ஏன் மாப்ள பதர்றீங்க? கிடைக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க? கிடைக்காட்டி முடி உங்ககிட்டயே இருக்கப்போவுது."

"கிடைச்சுட்டா?"

"கிடைச்சுட்டா டாக்டரோட அப்பாவுக்கு முடி எதுக்கு?"

"உங்க முடியை வேண்டிக்கறதுதானே!"

"என் தலையில இருக்கறதைக் குடுத்தா நர்ஸ் சீட்டுகூடத் தேறாது மாப்ள."

மரத்தடியே சிரித்தது. அவர் இளநீரை எனக்குக் கொடுக்காமல் தானே குடித்துவிட்டார்.

ரிசல்ட் வந்தது. மார்க் ஏறியிருந்தது. ஆனால் ஏழரை சதவீதத்து வரிசையில் அவள் ஏறக்குறைய வாலில் நின்றாள். கவுன்சலிங்குக்கு அப்பாவும் மகளும் மெட்ராஸ் போனார்கள். நானும் என் மகளும் வீட்டில் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"ஸ்க்ரீன்ல சீட்டு கொறைஞ்சுக்கிட்டே வருது அத்தை," என்றார் மாப்பிள்ளை போனில். "நம்மளை இன்னும் கூப்பிடலை. பிள்ளை எச்சில்கூட முழுங்கலை."

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "முடி பத்தலையோ?"

எனக்கு அந்த நேரத்தில் கேலி எதுவும் வாயில் வரவில்லை. வெறுமனே, "கும்பிடுங்க மாப்ள" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி போன். "அத்தை, மீசையையும் சேத்துக்கச் சொல்லிட்டேன்."

அதற்கடுத்த போனில் பேச்சே இல்லை. அழுகைதான். என் மகள் போனை ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் பேத்தி கத்துவது கேட்டது. "அம்மாச்சி, கிடைச்சுடுச்சு! அப்பா மூக்கைச் சிந்திட்டு வருவாரு, இருங்க!"

தெற்குக் கோடியில் எங்கேயோ ஒரு காலேஜ். போக மூன்று பஸ் மாற வேண்டுமாம். நடந்துகூடப் போவேன் என்றாள்.

தெருவில் ஒருத்தரிடமும் மூச்சு விடாமல், முதலில் நேர்ந்ததைத் தீர்க்கச் சமயபுரத்துக்கு எல்லாரும் போனோம். முடியிறக்குகிறவர் முன்னால் மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். சுருள் விழுந்தது. மீசை விழுந்தது. சந்தனம் பூசிய தலையைத் தடவித் தடவிப் பார்த்தார். என் மகளுக்கே ஒரு நிமிஷம் அவரை அடையாளம் தெரியவில்லை.

நாங்கள் மூன்று பெண்களும் லால்குடியில் என் தங்கையிடம் சேதி சொல்லிவிட்டு ராத்தங்கி வருவதாகக் கிளம்பினோம். மாப்பிள்ளை மட்டும் ஸ்ரீரங்கம் திரும்பினார். தப்பு அங்கேதான் நடந்தது. பஸ்ஸில் சந்தனம் காய்ந்து அரிக்கவே, அம்மா மண்டபத்தில் இறங்கிக் காவிரியில் ஒரு முழுக்குப் போட்டிருக்கிறார். அந்தப் படித்துறை எங்கள் ஊரில் செத்தவர்களுக்குக் காரியம் செய்கிற இடம். தலையும் மீசையும் மழித்து, ஈர வேட்டியோடு, மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒருத்தர் அங்கிருந்து தனியாக வந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? வெட்கத்தில் யாரோடும் பேசாமல் வீட்டுக்குள் போய்க் கதவையும் சாத்திக்கொண்டார்.

அவரைப் பெற்றவர்கள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வீட்டில் பெரிய உயிர் நான் ஒருத்திதான். எனக்கு மகன் கிடையாது. ஆகவே போன இடத்தில் நான் போய்ச் சேர்ந்துவிட்டேன், மாப்பிள்ளைதான் கொள்ளி வைத்திருப்பார் என்று தெரு முடிவுகட்டிவிட்டது.

மறுநாள் காலை ஆட்டோவில் வந்து இறங்கினால் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். பெட்டிக்கடைக்காரர் கையில் ரோஜா மாலை. என் மகளும் பேத்தியும் லால்குடி அரிசிமூட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லார் முகமும் சாத்திய கதவுப் பக்கமே இருந்ததால், நான் சத்தமில்லாமல் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். எதிர்வீட்டு மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி பேசிக்கொண்டிருந்தார்.

"வாய்தான் ஜாஸ்தி. மனசு வெண்ணெய். இனிமே இந்தத் தெருவே வெறிச்சோடிப் போயிடும்."

கேட்கக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் சொல்ல மாட்டாரா என்று சாய்ந்து உட்கார்ந்தேன். நாற்காலி கிறீச்சிட்டது. மாமி திரும்பினார்.

"பெருமாளே! நீங்க... நீங்க எப்படி இங்க?"

"ஆட்டோலதான் மாமி. நீங்க சொல்லுங்க, மனசு வெண்ணெய், அப்பறம்?"

பெட்டிக்கடைக்காரர் மாலையைப் பின்னால் ஒளித்தார். "எனக்குன்னு வாங்கினதுதானே, குடுய்யா" என்று வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். "அம்மா!" என்று என் மகள் ஆட்டோப் பக்கமிருந்து அலறினாள். அந்தச் சத்தத்தில் மாப்பிள்ளை கதவைத் திறந்துகொண்டு மொட்டைத் தலையோடு வெளியே வந்தார்.

"அப்போ இந்த மொட்டை எதுக்கு?" என்றார் மாமி.

"பேத்திக்கு டாக்டர் சீட்டு கிடைச்சிருக்கு."

"அந்த மார்க்குக்கா?"

"மார்க்கு பத்தலைதான் மாமி," என்றேன். "பத்தாததை எங்க மாப்பிள்ளை தலையிலேர்ந்து எடுத்துக்கிட்டோம்."