பொட்டு வைத்த கார்கள்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைவடைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்கள், நண்பர்கள் அனைவருக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். அவர் வாழ்ந்த வாழ்வைச் சொல்வதோடு, துக்க வீட்டில் என் காதில் விழுந்த ஒரு பேச்சுக்கும் இங்கே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. "அந்தப் பிள்ள செஞ்ச வேலையிலதான் மனுசனுக்கு நெஞ்சு வெடிச்சுப்போச்சு" என்று யாரோ சொன்னார்கள். அந்தப் பிள்ளை என் மகள். பக்கத்தில் நின்ற அவளும் அதைக் கேட்டாள்.

அண்ணன் சோழவந்தான் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா இறந்ததும் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, சிம்மக்கல்லில் ஒரு வண்டி உதிரிபாகக் கடைக்கு வேலைக்கு வந்தார். என்னைப் படிக்க வைத்து ஆசிரியை ஆக்கியதும், மணம் முடித்துக் கொடுத்ததும் அவர்தான். பிறகு சொந்தமாகக் கடை வைத்தார். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். திருப்பரங்குன்றம் வீட்டில் அவரும் அண்ணியும் மட்டுமே. குழந்தைகள் இல்லாத அவர்கள் என் மகளைத் தங்கள் பிள்ளையாகவே வளர்த்தார்கள்.

அண்ணனுக்கு இருந்த ஒரே ஆசை, உலோகத்தில் வார்த்த பழைய பொம்மைக் கார்கள். அதிலும் எல்லாரும் சேர்க்கும் கார்கள் அல்ல. வெளிநாட்டுக் கம்பெனிகள் பழைய அச்சுகளை வேறு நாடுகளுக்குக் கொடுத்துவிடுமாம். பல்கேரியாவிலும் ஹங்கேரியிலும் பிரேசிலிலும் கிடைத்த பெயின்ட்டை அடித்து, கிடைத்த சக்கரத்தை மாட்டி விற்பார்களாம். அப்படி மாறிப்போன வண்டிகளைத்தான் அவர் தேடினார். காரைக் கவிழ்த்து, அடியில் பதித்திருக்கும் நாட்டின் பெயரை லென்ஸ் வைத்துப் பார்ப்பார். நம் நாட்டில் வார்த்த கார்களுக்கு அங்கே மதிப்பு உண்டு என்பதால், இங்குள்ள பழைய கடைகளில் அவற்றைத் தேடி எடுத்து, அந்த நாடுகளில் கார் சேர்ப்பவர்களுக்கு அனுப்பி, மாற்றாக அவர்களுடைய கார்களை வாங்குவார்.

"அதே பச்சக் காரு இன்னொண்ணு எதுக்கு?" என்பார் அண்ணி.

"நல்லாப் பாரு. ரெண்டும் வேற வேற பச்ச" என்பார் அண்ணன்.

இதய அறுவை சிகிச்சை முடிந்து அவர் மருத்துவமனையில் இருந்தபோது ஆயுத பூஜை வந்தது. அவர் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்பதால் அண்ணி எந்த முறையையும் விட மனமில்லாமல் இருந்தார். "வீட்ல இருக்க வண்டி எல்லாத்துக்கும் பொட்டு வச்சிரு தாயி" என்று என் மகளிடம் சொல்லிவிட்டு மருத்துவமனைக்கு வந்துவிட்டார். நாகமலை புதுக்கோட்டையில் படிக்கும் அந்தப் பெண் முதலில் ஸ்கூட்டருக்கு வைத்திருக்கிறாள். பிறகு கண்ணாடி அலமாரியைத் திறந்து, மாமாவின் கார்கள் ஒவ்வொன்றின் முகப்பிலும் சந்தனம் வைத்து, குங்குமம் இட்டிருக்கிறாள்.

மறுநாள் நான் பார்த்தபோது சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. ஒரு வெள்ளைக் காரை ஈரத்துணியால் துடைத்தேன். குங்குமம் பரவி முகப்பெல்லாம் சிவந்தது. பழைய ஸ்டிக்கரும் துணியோடு வந்துவிட்டது. அதற்கு மேல் எதையும் தொடக் கை வரவில்லை. அவருக்கு எந்த அதிர்ச்சியும் வரக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"மாமாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்னாலதானம்மா?" என்றாள் மகள். சாப்பிட மறுத்துவிட்டாள். அவருக்கு ஏதாவது நேர்ந்தால் இவள் ஆயுளுக்கும் அதைச் சுமப்பாளே என்று பயந்தேன்.

அண்ணன் வீடு திரும்பிய அன்று, அலமாரியை மறைத்து அண்ணியின் சேலை ஒன்றைக் கட்டியிருந்தோம். வந்து உட்கார்ந்ததும் அவர் கண் அதன்மேல்தான் போனது.

"பீரோவுக்கு எதுக்கு சேலை கட்டிருக்கீக?"

"தூசி விழுகுதுல்ல" என்றார் அண்ணி.

"இம்புட்டு வருசமா விழுகாத தூசியா? எடு."

சேலை இறங்கியது. ஒரு காரைக் கேட்டு வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரு வச்சது?"

"நான்தான் மாமா." என் மகள் முன்னால் வந்து நின்றாள்.

"ஏன் மருமகளே, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்காம விட்டுட்ட?"

எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவரே தொடர்ந்தார்: "பல்கேரியாக்காரன் கண்ட பெயின்ட அடிச்சான். பிரேசில்காரன் கண்ட சக்கரத்த மாட்டுனான். அதையெல்லாம் தேடித் தேடி வாங்குனேன். மதுரக்காரி பொட்டு வச்சா மட்டும் ஆகாதா? ஒண்ணையும் அழிக்காதீக." பிறகு அந்த வெள்ளைக் காரை எடுத்தார். "இத யாரு தொடச்சது?"

"நான்தாண்ணே."

"டீச்சரு பாக்குற வேலையா இது?"

அப்போதுதான் என் மகள் அழுதாள். அன்றே பொட்டு வைத்த கார் ஒன்றைப் படம் எடுத்து, அவரோடு கார் மாற்றிக்கொள்ளும் ஹங்கேரி நண்பருக்கு அனுப்பச் சொன்னார். அதற்கு மாற்றாக எது வேண்டும் என்று அவரிடமிருந்து பதில் வந்தது. "தரமாட்டேன்னு எழுது மருமகளே" என்றார் அண்ணன்.

சில வாரங்கள் கழித்து, ஒரு காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அவர் உயிர் பிரிந்தது. அவருடைய இதயம் அறுவை சிகிச்சைக்கு முன்பே மிகவும் பலவீனமாகியிருந்தது, வீட்டில் நடந்த எதுவும் காரணமல்ல என்று மருத்துவர் என்னிடம் சொன்னார். மனம் கேட்காமல் மறுபடியும் போய்க் கேட்டேன். அதையேதான் சொன்னார். அந்தச் செய்தி எனக்குப் போனில்தான் வந்தது; இன்றும் காலையில் போன் அடித்தால் உடனே எடுக்க முடியவில்லை.

அவரைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் வந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், காரியம் முடியும்வரை அடுப்பு மூட்டவிடாமல் சாப்பாடு கொண்டுவந்த பக்கத்து வீட்டினருக்கும், மொழி தெரியாமல் வீடியோவில் எங்களோடு அழுத ஹங்கேரி நண்பருக்கும் எங்கள் நன்றி.

இன்று வீட்டுக்கு வருகிறவர்கள் அந்த அலமாரியைப் பாருங்கள். எந்தக் கார் எந்த நாட்டில் செய்தது என்று என் மகள் சொல்வாள். அவளிடம் அதை மட்டும் கேளுங்கள்.