ஸுலைஹா மாமி போடும் ஆமாம்

பிளேன்டீ ஆறும்வரை ஸுலைஹா மாமி விஷயத்துக்கு வரமாட்டார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலில் படர்ந்திருக்கும் மிளகுக்கொடியைப் பற்றி விசாரிப்பார். கூரை ஒழுகுகிறதா என்று கேட்பார். தன் மூட்டுவலிக்காக ஒரு பாட்டம் அழுவார். கணவனோடு கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்கு வந்திருக்கும் பெண், தன்னைத் திருப்பி அனுப்பத்தான் இந்தக் கிழவி வந்திருக்கிறாள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பாள். காத்திருந்து சலித்து அவளே வாயைத் திறப்பாள்.

மாத்தளை டவுனில் மாமிக்கு இதுதான் வேலை, யாரும் சம்பளம் கொடுத்து வைத்த வேலையல்ல. சுற்றூர்களான பல்லேபொலவிலிருந்தும் நாலந்தாவிலிருந்தும்கூட த்ரீவீல் வண்டி அனுப்பிக் கூப்பிடுவார்கள். "மாமி வந்து ரெண்டு வார்த்த பேசினாப் போதும்" என்பார்கள்.

உண்மையில் மாமி புத்தி சொல்வதேயில்லை. பெண் என்ன சொன்னாலும் ஆமாம் போடுவார்.

"அவரு ஒன்னுக்கும் ஒதவாத மனுசன் மாமி."

"ஓ புள்ள, நானும் கேள்விப்பட்டேன்."

"எல்லாத்துக்கும் நான்தான் கத்தணும்."

"அப்பிடித்தான் சொன்னாங்க. நீ போக வாணாம். இங்கயே இரி மகள்."

இந்த இடத்தில் பெண் கொஞ்சம் தடுமாறுவாள். மாமி விடமாட்டார். மாப்பிள்ளையின் குணத்தில் தொடங்கி அவன் குடும்பம்வரை இழுத்துப்போட்டுத் திட்டுவார். கடைசியில் அவளுக்கே பொறுக்காது. "சீ, அவ்வளவு மோசமில்ல மாமி. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ராவெல்லாம் முழிச்சிருந்தாரு." அவ்வளவுதான். மாமி ஆறிய தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்துவிடுவார். மறுநாள் பெண் தானாகவே பையைத் தூக்கிக்கொண்டு புருஷன் வீட்டுக்குப் போவாள், எல்லாம் தன் முடிவு என்ற நினைப்போடு.

இதில் மாமிக்கு இப்போது பெருமை ஒன்றுமில்லை. அலுத்துவிட்டது. அப்படிப் போனவர்களில் எத்தனை பேர் நன்றாக இருக்கிறார்கள் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். வீட்டிலோ வேறு கஷ்டம். "இன்னைக்கி நல்லா இரிக்கீங்க" என்று சும்மா சொன்னால்கூட அவர் கணவர் றஹீம், "இப்ப என்னா வேணும்?" என்று கேட்பார்.

போன மாதம் மகள் ஸஹ்ரா ஒரு பையோடு வந்து இறங்கினாள். முழங்கைக்குக் கீழே நீலம் பாரித்திருந்தது. அது யார் கை பிடித்த தடம் என்று கேட்கவேண்டியிருக்கவில்லை. இந்த முறை மாமியின் பேச்சில் மிளகுக்கொடியும் இல்லை, மூட்டுவலியும் இல்லை. "நீ போக வாணாம். இங்கயே இரி மகள்" என்றார்.

ஸஹ்ரா கசப்பாகச் சிரித்தாள். "எனக்கேவா உம்மா? சின்னதுல ஒங்க கையப் புடிச்சிக்கிட்டு வந்து எத்தன வீட்டுல இதக் கேட்டிருக்கேன். போகச் சொல்றதுன்னா நேராவே சொல்லுங்களே."

"அல்லாவுக்காக, நெசமாத்தான் சொல்றேன் புள்ள. அவன் மனுசனே இல்ல."

"ஓ. அடுத்தது அவன் குடும்பத்தத் திட்டுவீங்க. பொறகு நான் அவனுக்குப் பரிஞ்சி பேசணும். வாணாம் உம்மா. நானே போறேன்."

மாமி வேறு வார்த்தை தேடினார். இருந்ததெல்லாம் ஊரார் வீடுகளில் செலவாகிப் போயிருந்தது. அழுதார். அந்த அழுகையையும் மகள் முன்பே பார்த்திருந்தாள். பெற்ற தாய்க்கே பாரமாகிவிட்டோம் என்று நினைத்தாளோ என்னவோ, த்ரீவீலுக்குப் போன் பண்ணிவிட்டு முகம் கழுவப் போனாள்.

மாமி பையைத் திறந்தார். மடித்து வைத்திருந்த அபாயா, சல்வார், தலைத்துணி எல்லாவற்றையும் வாரி எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். சவர்க்காரத் தண்ணீர் நிறைந்த பேசினுக்குள் போட்டு இரண்டு கையாலும் அமுக்கினார். ஸஹ்ரா ஈர முகத்தோடு வந்து நின்று பார்த்தாள். மாமி வெறும் பையையும் எடுத்துத் தண்ணீருக்குள் அமுக்கினார்.